கோல்ஃப் கத்துக்கப் போறீங்களா? மட்டை வாங்குறதுக்கு முன்னாடி இன்ச் டேப்பைக் கையில எடுங்க!

அமெரிக்காவில் இருந்து லீவுக்கு வந்த மாமா விட்டுப் போன பழைய செட். ஆபீஸில் மேனேஜர் 'சும்மாதானே கிடக்குது, நீ வெச்சுக்கோ' என்று தூக்கிக் கொடுத்த பை. இல்லையென்றால் ஆன்லைனில் தள்ளுபடி பார்த்து ஆர்டர் போட்ட 12 மட்டை கொண்ட பெட்டி. புதிதாக கோல்ஃப் ஆட வரும் பலருக்கும் முதல் மட்டை இப்படித்தான் வந்து சேர்கிறது.

அதை எடுத்துக்கொண்டு பிராக்டிஸ் ரேஞ்சுக்குப் போகிறார்கள். பந்து நேராகப் போக மாட்டேன் என்கிறது. ஒரு பந்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டுகிறது மட்டை, அடுத்த பந்தின் தலையை மட்டும் தட்டிவிட்டுப் போகிறது. கோச் ஒன்று சொல்கிறார், யூடியூப் வேறொன்று சொல்கிறது. ரெண்டு மாசம் கழித்து முதுகு வலி. 'இதெல்லாம் நமக்கு வராதுப்பா' என்று பை பரண் மேல் ஏறிவிடுகிறது.

தப்பு ஆடுபவர் மேல்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். அந்த மட்டை அவருடைய உடம்புக்கு அளவானதுதானா? 7-ம் நம்பர் காலுக்கு 9-ம் நம்பர் செருப்பைப் போட்டு ஓடச் சொன்னால் யாராக இருந்தாலும் தடுக்கி விழத்தான் செய்வார்கள்.

(கோல்ஃபில் அடிக்கும் மட்டைக்கும் 'கிளப்' என்றுதான் பெயர், ஆடப் போகும் இடத்துக்கும் 'கிளப்' என்றுதான் பெயர். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்தக் கட்டுரையில் மட்டை என்றே சொல்லப்படுகிறது.)

'ஸ்டாண்டர்டு சைஸ்' யாருக்கு ஸ்டாண்டர்டு?

கடையில் கேட்டால், 'இது ஸ்டாண்டர்டு சைஸ் சார், எல்லாருக்கும் செட் ஆகும்' என்பார்கள். பெரிய கோல்ஃப் நிறுவனங்களின் ஆண்களுக்கான ஸ்டாண்டர்டு அளவு ஏறக்குறைய 5 அடி 9 அங்குல உயரமுள்ளவரை மனதில் வைத்து உருவானது. இந்திய ஆண்களின் சராசரி உயரம் 5 அடி 5 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பெண்களுக்கு 5 அடியும் சொச்சமும். அதாவது ஸ்டாண்டர்டு அளவே நம்மில் பலருக்கு கொஞ்சம் நீளம்.

அரை அங்குலம், ஒரு அங்குலம் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். நீளமான மட்டையைப் பிடிப்பவர் தன்னை அறியாமலேயே பந்தை விட்டுத் தள்ளி நிற்பார், உடம்பை நிமிர்த்திக்கொள்வார். மட்டையின் பாதை பந்துக்கு வருவதற்குள் மண்ணைத் தொட்டுவிடும். அதைச் சரிக்கட்ட கையை மடக்குவார், தோளைத் தூக்குவார். பத்து நாளில் அதுவே பழக்கமாகிவிடும். பிறகு சரியான மட்டை கிடைத்தாலும் கை பழைய மாதிரியேதான் போகும். புதுசாக ஆட வருபவருக்கு அளவு முக்கியம் என்பது இதனால்தான். பழகியவர் தப்பான மட்டையையும் எப்படியோ சமாளித்துவிடுவார். புதியவரோ அந்த மட்டைக்கு ஏற்ற தப்பான ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார்.

உயரமானவருக்கு இதே கதை தலைகீழாக நடக்கும். மட்டை குட்டையாக இருந்தால் கூன் போட்டுக் குனிய வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் நூறு பந்து அடித்தால் இடுப்பு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்க.

டேப்பை எங்கே வைத்து அளக்கணும்?

உயரம் மட்டும் போதாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கும், இன்னொருவருக்குக் கால் நீளமாக இருக்கும். மட்டைக்குத் தேவை கைக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரம்.

விளையாடும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு சமதளத்தில் நேராக நில்லுங்க. ரெண்டு கையையும் தளர்வாகத் தொங்க விடுங்க. மணிக்கட்டும் உள்ளங்கையும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு தெரியும் அல்லவா? அங்கிருந்து தரை வரைக்கும் எவ்வளவு என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்க. நீங்களே குனிந்து அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

இந்த அளவு 34 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஸ்டாண்டர்டு நீளம் பெரும்பாலும் ஒத்துப்போகும். 5 அடி 4 அங்குலம் உள்ள ஒருவருக்கு இது 31 அங்குலம் அளவில் வரலாம். அவருக்கு அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை குறைவான மட்டை தேவைப்படலாம். 37 அங்குலத்தைத் தாண்டினால் அதே அளவுக்கு நீளத்தைக் கூட்ட வேண்டிவரும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் எந்த பிராண்ட் வாங்குகிறீர்களோ அதன் அட்டவணையைப் பார்ப்பதுதான் சரி.

யாருமே கவனிக்காத 'லை ஆங்கிள்'

நீளத்தையாவது கண்ணால் பார்த்துவிடலாம். லை ஆங்கிள் அப்படியில்லை. பெரும்பாலான புதியவர்கள் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பந்து ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

மட்டையின் அடிப்பாகத்தைத் தரையில் படிய வைத்தால் தண்டு ஒரு சாய்வில் நிற்கும். தரைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள அந்தக் கோணம்தான் லை. 7-ம் எண் இரும்பு மட்டையில் இது 62, 63 டிகிரி அளவில் இருக்கும். தண்டு பொருந்தியிருக்கும் பக்கம் ஹீல், அதாவது குதிகால். எதிர்முனை டோ, அதாவது விரல் நுனி. பந்தைத் தொடும் நேரத்தில் ஹீலும் டோவும் சமமாகத் தரையை ஒட்டி வர வேண்டும்.

குள்ளமானவர் நீளமான மட்டையைப் பிடித்தால் கை தாழ்ந்து டோ மேலே தூக்கிக்கொள்ளும். மட்டையின் முகம் சாய்வாக இருப்பதால், டோ தூக்கினால் அந்த முகம் தானாகவே இடது பக்கம் பார்க்கும். வலது கை ஆட்டக்காரர் எவ்வளவு நேராக அடித்தாலும் பந்து இடப்பக்கம் போகும். உயரமானவருக்கு டோ தரையைக் குத்தும், பந்து வலப்பக்கம் போகும். சாய்வு அதிகமுள்ள குட்டை மட்டைகளில் இந்த விலகல் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரு டிகிரி தப்பினால் 150 யார்டு தூரத்தில் பந்து ஏறக்குறைய 3, 4 யார்டு தள்ளிப் போய் விழும் என்பது பொதுவான கணக்கு. நான்கு டிகிரி தப்பினால்? பச்சைப் புல்வெளிக்குப் பதிலாக மணல் குழியில்தான் பந்தைத் தேட வேண்டும்.

இதில் மோசமான விஷயம் என்னவென்றால், பந்து இடது பக்கம் போகிறது என்று தெரிந்ததும் ஆடுபவர் வலது பக்கம் குறி வைக்கத் தொடங்குவார். மட்டையின் கோளாறை உடம்பு இப்படி ஈடுகட்டும். பெரிய மட்டைகளுக்குப் போகும்போது அந்த ஈடுகட்டலே புதுத் தலைவலியாக மாறும்.

இந்தச் சிக்கலை ஒரு வியாபாரமாகவே மாற்றியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இன்ஜினியர். தனக்கு பட்டிங் சரியாக வரவில்லை என்ற கடுப்பில் 1959-ல் வீட்டு கராஜில் சொந்தமாக ஒரு பட்டர் செய்தார். பந்தில் படும்போது அது 'பிங்' என்று சத்தம் போட்டது, அதுவே கம்பெனியின் பெயரும் ஆனது. பெண்கள் கோல்ஃபில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் சோல்ஹைம் கோப்பை அவருடைய குடும்பப் பெயரில்தான் நடக்கிறது. 1970-களில் பிங் நிறுவனம் இரும்பு மட்டைகளில் வண்ணப் புள்ளி வைக்கத் தொடங்கியது. கறுப்புப் புள்ளி என்றால் ஸ்டாண்டர்டு. மற்ற ஒவ்வொரு வண்ணமும் லை கோணம் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்பதற்கான அடையாளம். உயரத்தையும், மணிக்கட்டில் இருந்து தரை வரையிலான அளவையும் சொன்னால் எந்த வண்ணம் பொருந்தும் என்பதை அட்டவணையே காட்டிவிடும். மாமா கொடுத்த பையில் பிங் மட்டை இருந்தால் முதலில் அந்தப் புள்ளியின் நிறத்தைப் பாருங்க.

பத்து ரூபாய் டெஸ்ட்

லை சரியா என்று பார்க்க பெரிய மெஷின் எல்லாம் தேவையில்லை. ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்று போதும். பந்தின் மேல் நேராக ஒரு கோடு போடுங்க. அந்தக் கோடு மட்டையின் முகத்தைப் பார்த்தபடி செங்குத்தாக நிற்கும்படி பந்தை வைத்து அடிங்க. கோடு மட்டையின் மேல் அச்சாகப் பதியும். அச்சு நேராக நின்றால் லை சரி. அதன் மேல்முனை டோ பக்கம் சாய்ந்தால் டோ தூக்கிக்கொண்டிருக்கிறது, கோணத்தைக் குறைக்க வேண்டும். ஹீல் பக்கம் சாய்ந்தால் கோணத்தைக் கூட்ட வேண்டும். ஒரே ஒரு அடியை வைத்து முடிவு எடுக்காதீங்க, பத்து அடி அடித்து எது அடிக்கடி வருகிறது என்று பாருங்க.

அதே மார்க்கரை மட்டையின் முகம் முழுக்கப் பூசிவிட்டு அடித்தால், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். எல்லா வட்டமும் ஹீல் பக்கமோ டோ பக்கமோ கூட்டமாக விழுந்தால் நீளத்தில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படலாம். முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் இன்னும் அளவு பார்க்கும் நேரம் வரவில்லை. கொஞ்ச நாள் பயிற்சிதான் தேவை.

தண்டில் எழுதியிருக்கும் ஆர், எஸ், எக்ஸ் என்றால் என்ன?

தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கான குறி அது. எல் என்றால் லேடீஸ், ஏ என்றால் சீனியர், ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் ஸ்டிஃப், எக்ஸ் என்றால் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். வேகமாக வீசுபவருக்கு விறைப்பான தண்டு, மெதுவாக வீசுபவருக்கு நெகிழ்வான தண்டு, அவ்வளவுதான் அடிப்படை. டிரைவரை மணிக்கு 75 முதல் 95 மைல் வேகத்தில் வீசுபவர்களுக்கு ரெகுலர் பொருந்தும் என்பார்கள். அதற்கும் கீழே இருந்தால் சீனியர் அல்லது லேடீஸ். டிவியில் பார்க்கும் பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களின் சராசரி வேகம் மணிக்கு 115 மைல் அளவில் இருக்கும். அவர்கள் வைத்திருக்கும் அதே விறைப்பான தண்டை ஆசைப்பட்டு வாங்கினால் பந்து தாழ்வாகப் பறந்து வலது பக்கம் ஒதுங்கும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃப் மாதிரி இருக்கலாம். எழுத்தைப் பார்த்து மட்டும் வாங்காமல் அடித்துப் பார்த்து வாங்கச் சொல்வது அதனால்தான். 'சீனியர்' என்று எழுதியிருக்கிறதே என்று 30 வயதுக்காரர் கூச்சப்படவும் வேண்டாம். பந்துக்கு வயசு தெரியாது.

எடையும் முக்கியம். எஃகுத் தண்டு ஏறக்குறைய 95 முதல் 130 கிராம் வரை வரும். கிராஃபைட் தண்டு அதைவிட நன்றாகவே லேசு, கையில் அதிர்வும் குறைவு. மூட்டு வலி இருப்பவர்கள், வேகம் குறைந்தவர்கள் கிராஃபைட் பக்கம் போகலாம். உடல்வலு உள்ள இளைஞருக்கு எஃகுத் தண்டு சில நேரம் நல்ல கட்டுப்பாடு கொடுக்கும், விலையும் குறையும்.

7-ம் எண் எல்லாம் 7-ம் எண் இல்லை

கடையில் ரெண்டு பிராண்டின் 7-ம் எண் மட்டையை அடித்துப் பார்க்கிறீர்கள். ஒன்று 130 யார்டு போகிறது, இன்னொன்று 142 யார்டு. ரெண்டாவதுதான் சூப்பர் என்று பில் போடச் சொல்லிவிடாதீங்க.

மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்து இருக்கிறது என்பதை லாஃப்ட் என்பார்கள். பழைய காலத்து 7-ம் எண்ணில் அது 34, 35 டிகிரி. இன்று புதியவர்களுக்காகச் செய்யப்படும் பல செட்டுகளில் அதே எண்ணுக்கு 28 முதல் 30 டிகிரிதான். அதாவது அந்தக் கால 5 அல்லது 6-ம் எண்ணின் மேல் 7 என்று பொறித்திருக்கிறார்கள். தூரம் கூடுவதில் பெரும்பங்கு அதனால்தான். ஏமாற்று என்று மொத்தமாகச் சொல்லிவிடவும் முடியாது. புது மட்டைகளில் எடை கீழே தாழ்த்தி வைக்கப்பட்டிருப்பதால் லாஃப்ட் குறைந்தாலும் பந்து மேலே எழும்புகிறது. ஆனால் ரெண்டு மட்டையை ஒப்பிடும்போது எண்ணைக் கேட்காமல் டிகிரியைக் கேட்பதுதான் நியாயமான ஒப்பீடு.

டிரைவரிலோ குறைந்த டிகிரி என்றால் கெத்து என்ற எண்ணம் ஒன்று உண்டு. மெதுவாக வீசுபவர் 9 டிகிரி டிரைவரை எடுத்தால் பந்து மேலே எழும்பாமலேயே செத்துவிடும். 10.5 டிகிரி, 12 டிகிரி என்று போனால்தான் காற்றில் நிற்கும்.

இரும்பு மட்டைகளில் பின்பக்கம் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளிய வகை புதியவருக்கு நல்லது. நடுவில் படாவிட்டாலும் மட்டை அதிகம் திரும்பாது. மெல்லிசாக, பளபளவென்று கத்தி மாதிரி இருக்கும் பிளேடு வகை பார்க்க அழகுதான், ஆனா மன்னிக்காது.

கைப்பிடி: சின்ன விஷயம், பெரிய வலி

கைப்பிடியின் தடிமனைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வலது கை ஆட்டக்காரர் இடது கையில் கையுறை போட்டு மட்டையைப் பிடிக்கட்டும். நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதையை லேசாகத் தொட வேண்டும். நுனி சதைக்குள் அழுந்தினால் பிடி மெல்லிசு. தொடாமல் இடைவெளி தெரிந்தால் பிடி தடிமன்.

மெல்லிய பிடியை விரல்கள் இறுக்கிப் பிடிக்கத் தூண்டும், முழங்கை வலியில் கொண்டுபோய் விடலாம். தடித்த பிடி மணிக்கட்டைச் சுழல விடாது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். மற்ற திருத்தங்களோடு ஒப்பிட்டால் பிடியை மாற்றுவது மிகக் குறைந்த செலவு. முதலில் இதைச் செய்துவிடலாம்.

14 மட்டையும் வாங்கணுமா?

வேண்டவே வேண்டாம். 14 என்பது ஒரு ரவுண்டில் கையில் வைத்திருக்கலாம் என்று விதி அனுமதிக்கும் உச்சவரம்பு மட்டும்தான். 1930-களில் சிலர் இருபதுக்கும் மேல் மட்டைகளைக் கேடி தலையில் கட்டி அலைந்ததால் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-லும், பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939-லும் இந்த வரம்பைக் கொண்டுவந்தன. குறைந்தபட்சம் இத்தனை வேண்டும் என்று விதியே இல்லை.

முதல் ஆறு மாதத்துக்கு ஆறு மட்டை தாராளம். ஒரு ஹைப்ரிட், 7-ம் எண், 9-ம் எண், பிட்சிங் வெட்ஜ், மணலில் இருந்து தூக்க ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். பெரிய பிராண்டின் முழு செட்டும் பையும் சேர்த்து ஒரு லட்ச ரூபாயைச் சுலபமாகத் தாண்டும் காலத்தில், அந்தப் பணத்தில் பாதியைக் கோச்சுக்கும் ரேஞ்ச் பந்துகளுக்கும் ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம். டிரைவர் இல்லாமல் என்ன கோல்ஃப் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். பையில் மிக நீளமான, அடக்க மிகக் கஷ்டமான மட்டை அதுதான். கடைசியாக வரட்டும்.

பட்டரை மட்டும் அலட்சியமாக எடுக்காதீங்க. பார் 72 மைதானத்தில் 36 அடி பட்டருக்கென்றே கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். இயல்பாகக் குனிந்து நின்று, கண்ணுக்கு நேர் கீழே ஒரு பந்தைக் கையிலிருந்து நழுவ விடுங்க. அது கீழே வைத்த பந்தின் மேலேயோ சற்று உட்புறமோ விழுந்தால் நீளம் ஏறக்குறைய சரி.

பெண்கள், இடது கைக்காரர்கள், குழந்தைகள்

லேடீஸ் செட் என்பது ஆண்கள் செட்டைவிட பொதுவாக ஒரு அங்குலம் குறைவு, தண்டு நெகிழ்வு, பிடி மெல்லிசு. பிங்க் நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அவ்வளவுதான் வித்தியாசம். 5 அடி 7 அங்குலம் உள்ள, சின்ன வயதில் வாலிபால் ஆடிய ஒரு பெண்ணுக்கு ஆண்கள் செட்டே பொருந்தலாம். 5 அடி 3 அங்குலம் உள்ள, 60 வயது தாண்டிய ஒரு ஆணுக்கு லேடீஸ் தண்டு பொருந்தலாம். கடைக்காரர் ஆளைப் பார்த்ததுமே ஒரு அலமாரியைக் காட்டினால், டேப்பால் அளந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்க.

இடது கைப் பழக்கம் உள்ளவர் இடது கை மட்டைதான் வாங்கணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எல்லாவற்றையும் வலது கையால் செய்யும் பில் மிக்கெல்சன் சின்ன வயதில் எதிரே நின்ற அப்பாவைக் கண்ணாடி பார்ப்பது போலப் பார்த்துக் கற்றதால், இடது கையால் ஆடி 6 மேஜர் பட்டங்கள் வென்றார். நம்ம கங்குலியும் வலது கைக்காரர்தான், பேட்டை மட்டும் இடது பக்கம் பிடித்தார். கிரிக்கெட் ஆடியவர் என்றால் எந்தப் பக்கம் பேட் பிடிப்பீர்களோ அந்தப் பக்கமே தொடங்கிப் பாருங்க. இடது கை செட்டுகள் பழைய சந்தையில் எளிதாகக் கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்க.

குழந்தைகள் விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் தவறுகிறார்கள். அப்பாவின் பழைய மட்டையைப் பாதியாக அறுத்துக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். தண்டை அறுத்தால் நீளம் குறையும், ஆனால் மீதித் தண்டு இன்னும் விறைப்பாகும். தலையின் எடை அப்படியே பெரியவர் எடை. எட்டு வயதுக் குழந்தை அதைச் சுற்ற முடியாமல் உடம்பையே பின்னால் எறிந்து வீசும். குழந்தைகளுக்கான மட்டை செய்யும் யு.எஸ். கிட்ஸ் கோல்ஃப் நிறுவனம் ஒவ்வொரு 3 அங்குல உயரத்துக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறது. வயதைப் பார்த்து வாங்குவதைவிட உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். 'வளர்ற பிள்ளைதானே, பெருசா வாங்கிடலாம்' என்பது ஸ்கூல் யூனிஃபார்முக்கு ஓகே. இதுக்கு ஆகாது. வளர்ந்ததும் மட்டை பத்தாமல் போகும் என்பது உண்மைதான். அதனால் மூன்று, நான்கு மட்டை மட்டும் வாங்குவது, கோச்சிங்கில் உடன் வரும் பிள்ளைகளின் பெற்றோரோடு மாற்றிக்கொள்வது என்று போனால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

அப்போ மாமா கொடுத்த செட்டைத் தூக்கிப் போடணுமா?

தேவையில்லை. பல குறைகளைச் சரிசெய்யலாம். நீளமாக இருந்தால் அரை அங்குலம் வரை பிடிப் பக்கமாக வெட்டலாம். வெட்டினால் தலை லேசாக இருப்பது போலத் தோன்றும், தண்டும் துளி விறைக்கும். அரை அங்குலத்துக்குப் பெரிய பாதிப்பு தெரியாது, இரண்டு அங்குலம் என்றால் அந்த மட்டை உங்களுக்கானது இல்லை. குட்டையாக இருந்தால் உள்ளே ஒரு துண்டு சொருகி நீட்டலாம். லை கோணத்தை இதற்கென இருக்கும் கருவியில் வளைக்கலாம். அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு மட்டை சுலபமாக வளையும். வார்ப்பில் செய்த கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டையை ஓரிரு டிகிரிக்கு மேல் வளைத்தால் கழுத்து உடையும் ஆபத்து உண்டு, தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

பழைய மட்டையைக் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் தண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உருட்டிப் பாருங்க, வளைவு தெரியும். தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பாருங்க. ஒரே செட்டில் ரெண்டு விதமான தண்டு கலந்திருந்தால் யாரோ பல செட்டை உடைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரபல பிராண்டின் புது மாடல் கால்வாசி விலைக்கு 'இம்போர்ட்டட் பீஸ்' என்று வந்தால், போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஃபிட்டிங்குக்கு எப்போ போகலாம்?

டிராக்மேன் போன்ற ரேடார் கருவி பந்தின் வேகம், எழும்பும் கோணம், சுழற்சி எல்லாவற்றையும் திரையில் காட்டும். அதை வைத்து நிபுணர் அளவு பார்த்துச் சொல்வதுதான் முழு ஃபிட்டிங். ஆனால் முதல் வாரத்திலேயே போய் நின்றால் வீண். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி வீசுபவரை எந்த மெஷினாலும் அளக்க முடியாது. நீளம், பிடி, உத்தேசமான தண்டு, இந்த மூன்றையும் முதல் நாளே டேப்பை வைத்துச் சரிபார்த்துவிட்டு ஆறு மட்டையோடு தொடங்குங்க. லை, லாஃப்ட், தண்டின் நுணுக்கம் எல்லாம் நான்கைந்து மாதம் கழித்து, பத்தில் ஆறு பந்தாவது ஒரே மாதிரி போகத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போகும்போது சொந்த மட்டையையும் எடுத்துக்கொண்டு போங்க. முதலில் அதில் பத்துப் பந்து அடித்து எண்களைக் குறிக்கச் சொல்லுங்க. புது மட்டையில் கூடும் தூரத்தை மட்டும் பார்க்காமல், பந்துகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று கேளுங்க. உங்களுடைய வழக்கமான வேகத்தில் அடிங்க. பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்று முழுப் பலத்தையும் காட்டினால் விறைப்பான தண்டுதான் தலையில் கட்டப்படும். ஃபிட்டிங் கட்டணம் எவ்வளவு, மட்டை வாங்கினால் அதில் கழித்துக்கொள்வார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அடித்துப் பார்த்த தூரத்தைச் சென்னைக்கு அப்படியே கொண்டுவராதீங்க. 2,000 மீட்டருக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு, அதே அடிக்குப் பந்து கூடுதலாகப் பறக்கும். நந்தனம் மைதானத்துக்கு வந்ததும் 'மட்டை கெட்டுப்போச்சு' என்று தோன்றினால் அது மட்டையின் குற்றமில்லை.

அளவெடுத்து வாங்கிய மட்டையைப் பராமரிப்பதும் எளிதுதான். கடலோர ஊர்களின் வியர்வைக்கு ரப்பர் பிடி சீக்கிரம் வழுக்கத் தொடங்கும். மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் துடைத்துக் காய வைங்க. வருஷம் ஒருமுறை பிடியை மாற்றுவது வழக்கம். அப்படி மாற்றும்போது பழைய பிடியின் தடிமனைச் சொல்லியே கேட்டு வாங்குங்க. பையை மட்டும் சித்திரை வெயிலில் கார் டிக்கியிலேயே விட்டுவிடாதீங்க. தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகும்.